சமய ஆசிரியரை எதனாற் அளப்பது?

கிறிஸ்தவ பாட ஆசிரியரே மாணவரின் ஒழுக்கத்தை உருவாக்குபவர் என்று பரிசளிப்பு விழா மேடைகளிற் பேசுவோருக்குக் குறைவில்லை. மேடையை விட்டிறங்கியதும் அதே பெரியோர் கேட்கும் முதற் கேள்வி, இவ்வாண்டு எத்தனை பேருக்கு 'ஏ' சித்தி என்பதாகும். க.பொ.த. சாதாரண தரத்திற் சமயம் கட்டாய பாடம். ஆகவே ஆசிரியர் குறிப்புச் சொல்கிறார், மாணவர் எழுதுகின்றனர், கடந்தகால வினாத்தாள்களோடு தவணை கழிகின்றது. ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிறவர் என்ற ஒரே தகுதிக்காகக் கணித ஆசிரியரின் தலையில் இப்பாடம் சுமத்தப்படுவதும் உண்டு.

நல்ல சமாரியன் உவமையைக் கொள்க. அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு ஆசாரியனும் லேவியனும் விலகிச் சென்றனர். யூதர் இழிவாக எண்ணிய சமாரியனே அவனைத் தூக்கினான். இதனை ஐந்து குறிப்புகளாக எழுதுவித்தால் மாணவன் புள்ளி பெறுவான். ஆனால், யாழ்ப்பாணத்திலே சாதி என்ற சொல்லை உச்சரியாமல் இவ்வுவமையைக் கற்பிப்பது எங்ஙனம்? சக மாணவனைச் சாதிப்பெயர் சொல்லி ஏளனஞ் செய்தவனைக் கண்டும் காணாதவராய் ஆசிரியர் கடந்து போவாராயின், அவர் லேவியனை நடித்துக் காட்டியவராகிறார். குறிப்பு மறந்துபோகும், அந்நடிப்பு மாணவர் நெஞ்சில் நிற்கும்.

கோயிலுக்கு வருவோரின் தொகையைக் கொண்டு ஆசிரியரை அளப்போர் இன்னொரு சாரார். இவ்வளவுகோலும் ஈழத்துக்குப் புதியதன்று. 1823இல் தொடங்கப்பட்ட வட்டுக்கோட்டை செமினரி 1855இல் மூடப்பட்டமைக்கு, மதம் மாறியோர் தொகை மிஷனுக்குப் போதாமற் போனமையும் ஒரு காரணம். அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து பின்னர் சைவரானவர். தொகைக் கணக்கில் அவர் நட்டமே. ஆயினும், சிதைந்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த அந்த உழைப்பிலே செமினரி வகுப்பறைக்குப் பங்கில்லையென எவர் துணிந்து கூறுவர்?

ஒழுக்கத்தை உருவாக்குவது வீடே, வாரத்தில் இரண்டொரு பாடவேளை என்ன செய்யும் என்பர் சிலர். வீட்டின் வலிமையை மறுப்பாரில்லை. ஆனால், பரீட்சையிற் பார்த்தெழுதிய பிள்ளையை வீடு பெரும்பாலும் அடிக்கும், அல்லது மறைக்கும். அப்பிள்ளையைத் தனியே அழைத்து, உண்மையைச் சொல்ல வைத்து, சொன்னபின் முன்போலவே நடத்தும் ஆசிரியரிடமே மன்னிப்பு என்ற சொல்லின் பொருளை அது அறிகின்றது. இதற்குப் பாடவேளை போதும். அதற்குரிய ஆள்தான் வேண்டும். அதிபர்கள் நேரசூசியில் எஞ்சிய கட்டத்தை நிரப்புவதற்காக அவரைத் தேடுவதை முதலில் நிறுத்தட்டும்.