மான் மேலாண்மைப் பயிற்சி: காசு கட்டிப் படிப்பது பயன் தருமா?

பிரிட்டனில் காட்டு மான்கள் பெருகிவிட்டன. சுமார் 2 மில்லியன் இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவற்றை வேட்டையாடிய ஓநாயும் லின்க்ஸ் காட்டுப்பூனையும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கு அழிந்துவிட்டன. புதிதாக நடும் மரக்கன்றுகளை மான்கள் மேய்ந்துவிடுகின்றன. சாலையில் வாகனங்கள் மீதும் மோதுகின்றன.

அதனால் மான்களைச் சுட்டு எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியிருக்கிறது. ஸ்காட்லந்து 2023 அக்டோபரில் ஆண் மான்களுக்கான வேட்டைத் தடைக் காலத்தையே நீக்கியது.

இந்த வேலைக்குத் தயார்படுத்தும் கட்டணப் பயிற்சிகளும் பல இருக்கின்றன. அங்கே படிக்கும், வேலை செய்யும் நம்மவர்கள் அவற்றைப் பார்த்திருக்கலாம். இங்கிருந்தபடியே இணையத்தில் தேடியவர்களும் இருக்கலாம். கட்டணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை என்ன?

எந்தப் பயிற்சி இது?

பிரிட்டனில் அதிகம் பேசப்படுவது டி.எஸ்.சி. எனப்படும் மான் வேட்டைச் சான்றிதழ். அதில் இரண்டு நிலைகள் உண்டு.

முதல் நிலையில் எழுத்துத் தேர்வு, படத்தைப் பார்த்து மானை அடையாளம் காணும் தேர்வு, பாதுகாப்புத் தேர்வு, சுடும் தேர்வு ஆகியவை இருக்கும். இறைச்சியைச் சுகாதாரமாகக் கையாளும் முறையும் கற்றுத்தரப்படும். சில நாள் வகுப்பு, சில நூறு பவுண்டு கட்டணம்.

இரண்டாம் நிலைக்கு வகுப்பறை போதாது. அங்கீகரிக்கப்பட்ட சாட்சியாளர் ஒருவர் கூடவே இருந்து பார்க்க, காட்டில் உண்மையாகவே மானைத் தேடிச் சென்று, சுட்டு, உடலைச் சுத்தம் செய்து காட்டவேண்டும்.

சான்றிதழ் இருந்தால் சுடலாமா?

முடியாது. பலர் குழம்பும் இடம் இதுதான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மானைச் சுட இந்தச் சான்றிதழ் சட்டப்படி கட்டாயமே இல்லை. கட்டாயமாகத் தேவைப்படுபவை வேறு இரண்டு. ஒன்று, நில உரிமையாளரின் அனுமதி. இன்னொன்று, துப்பாக்கி வைத்திருக்கக் காவல்துறை தரும் உரிமம். எதற்காகத் துப்பாக்கி, எந்த நிலத்தில் சுடப்போகிறீர்கள் என்று காவல்துறை கேட்கும். சொல்ல ஒரு நிலம் இல்லையென்றால் விண்ணப்பம் அங்கேயே சிக்கலாகிவிடும்.

ஆக, சான்றிதழை வாங்கிவிட்டு நிலம் தேடுபவர் பாதி வழியில் நின்றுவிடக்கூடும். நிலமும் கூட வழிகாட்ட ஓர் அனுபவசாலியும் கிடைத்தபிறகு படிப்பவருக்கு, அதே கட்டணம் பலமடங்கு பயன் தரும்.

அப்படியென்றால் எதற்குப் படிக்கவேண்டும்?

மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, பாதுகாப்பு. மான் வேட்டைத் துப்பாக்கியின் தோட்டா குறி தவறினால் மைல் கணக்கில் பறக்கும். மானுக்குப் பின்னால் மண் மேடு இருக்கிறதா, மேட்டின் உச்சியில் மான் நிற்கிறதா, அதற்கு அப்பால் நடைபாதை இருக்கிறதா? சுடுவதற்கு முன் இவற்றைக் கவனிக்கும் பழக்கம் தானாக வராது.

இரண்டாவது, மான்படும் வேதனை. பிரிட்டனில் 6 வகைக் காட்டு மான்கள் இருக்கின்றன. வகைக்கு வகை, ஆணுக்கும் பெண்ணுக்கும், வேட்டைக் காலம் மாறும். இங்கிலாந்தில் ரோ வகைப் பெண் மானை நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரைதான் சுடலாம். தாயைச் சுட்டுவிட்டால் பால்குடி மறக்காத குட்டி பட்டினியில் சாகும் என்பதே அந்தக் கட்டுப்பாட்டின் காரணம். மன்ட்ஜாக் என்னும் சிறிய மான் ஆண்டு முழுதும் குட்டி போடுவதால் அதற்குத் தடைக் காலமே கிடையாது. அங்கே எந்தப் பெண் மானை விடவேண்டும் என்பதைச் சுடுபவரே முடிவு செய்யவேண்டும். அதற்குக் கண் பழகியிருக்கவேண்டும்.

மூன்றாவது, இறைச்சி விற்பனை. அங்கீகரிக்கப்பட்ட இறைச்சி நிலையத்துக்கு மானைக் கொடுக்க வேண்டுமென்றால், பயிற்சி பெற்ற ஒருவர் அதைச் சோதித்து, நோய் அறிகுறி இல்லை என்று உறுதி சொல்லவேண்டும். முதல் நிலையில் உள்ள சுகாதாரப் பகுதி இங்கே நேரடியாகக் கைகொடுக்கிறது.

போட்ட காசு திரும்ப வருமா?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டணம் 400 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 700 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சுத்தம் செய்த ரோ மான் ஒன்று 15 கிலோ, கிலோவுக்கு 3 பவுண்டு கிடைக்கிறது என்றால் ஒரு மானுக்கு 45 பவுண்டு. கட்டணத்தை மீட்கவே 9 மான்கள் வேண்டும். துப்பாக்கி, தொலைநோக்கி, பூட்டி வைக்கும் பெட்டி, பெட்ரோல், குளிரூட்டி இவையெல்லாம் இந்தக் கணக்கில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. மானைச் சுட்டுத் தந்தால் நில உரிமையாளர் பணம் தருவார் என்று நினைப்போம். நடைமுறையில் பலர் தாங்களே பணம் கொடுத்துத்தான் வேட்டைக்குப் போகிறார்கள். முழுநேர வேலைகள் குறைவு. அத்தகைய வேலைக்குப் பொதுவாக இரண்டாம் நிலைச் சான்றிதழையும் கள அனுபவத்தையும் கேட்பார்கள். முதல் நிலையை மட்டும் நம்பி வேலையை விடுவது புத்திசாலித்தனம் அல்ல.

யாருக்குப் பயன், யாருக்கு வேண்டாம்?

பண்ணையிலோ வனத்திலோ ஏற்கெனவே வேலை செய்பவர், நில அனுமதி கையில் உள்ளவர், வனவிலங்கு மேலாண்மையில் பட்டம் படித்து அங்கேயே வேலை தேடுபவர் ஆகியோருக்கு இது தகுந்த செலவு. ஸ்காட்லந்தில் இரவில் மான் சுடச் சிறப்பு அனுமதி வேண்டும். அதற்குத் தகுதியானவர் என்று பதிந்துகொள்ள இந்தச் சான்றிதழ்கள் உதவும்.

துப்பாக்கியைத் தொடாமலே முழுப் பயிற்சியும் இணையத்தில் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால், கொஞ்சம் நிதானியுங்கள். அது பொது அறிவுக்கு உதவலாம். சுடும் தேர்வு இல்லாத ஒரு தாள், காட்டில் உங்கள் திறமைக்குச் சாட்சி சொல்லாது.

கட்டணம் கட்டும் முன் கேட்கவேண்டிய கேள்விகள்:

• சான்றிதழை வழங்குவது யார்? பயிற்சி நிலையமா, தனி அமைப்பா?
• சுடும் தேர்வு கட்டணத்தில் அடங்குமா? தேறாவிட்டால் மறுதேர்வுக்கு எவ்வளவு?
• இறைச்சிச் சுகாதாரப் பகுதி உண்டா?
• படித்து முடித்தபின் கூடவே வந்து வழிகாட்ட யாராவது இருக்கிறார்களா?

கடைசிக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்காவிட்டால், அந்தப் பணத்தில் ஓர் அனுபவசாலியுடன் சில முறை காட்டுக்குப் போய்வருவது முதலில் செய்யவேண்டிய காரியம்.

நம் வட்டாரத்தில் செல்லுமா?

இங்கே நிலைமை நேர்மாறு. சிங்கப்பூரில் மண்டாய்ப் பக்கம் கடமான்கள் உலவுகின்றன. சாலையில் அடிபடாமல் காப்பதுதான் இங்குள்ள கவலை. 2019 டிசம்பரில் மண்டாயில் வனவிலங்குப் பாலம் திறக்கப்பட்டதும் அதற்காகத்தான். வனவிலங்குச் சட்டப்படி, அனுமதியின்றி அவற்றைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றம். உணவு கொடுப்பதும் அப்படியே.

தீபகற்ப மலேசியாவில் கடமானும் கேளையாடும் மலாயாப் புலியின் இரை. 2022இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி அங்கே காட்டில் எஞ்சியுள்ள புலிகள் 150க்கும் குறைவு. மான் குறைந்தால் புலியும் குறையும். அங்கே மானைப் பெருக்கத்தான் ஆள் தேவை.

ஆகவே பிரிட்டனில் வாங்கிய சான்றிதழைக் கொண்டுவந்து இங்கே எவரும் மானைச் சுட முடியாது. வனவிலங்குத் துறையில் ஆர்வம் உள்ளவர்கள் அதே பணத்தையும் நேரத்தையும் கேமரா வைத்து விலங்குகளைக் கணக்கெடுப்பது, காயம்பட்ட விலங்கை மீட்பது போன்ற திறன்களில் போடலாம். இந்த வட்டாரத்தில் அவற்றுக்குத்தான் வேலை இருக்கிறது.