'இன்னோவாதானே... ஓடும்!' - ஓடும்தான், ஆனால் வயசு ஆகாதா?

"2010 மாடல் இன்னோவா, சிங்கிள் ஓனர், ஓடியது 85,000 கி.மீ மட்டுமே!"

பழைய கார் விளம்பரத்தில் இப்படி ஒரு வரியைப் பார்த்தால் பலருக்கும் கை பரபரக்கும். பக்கத்திலேயே 4 லட்சம் கி.மீ ஓடிய டி-போர்டு இன்னோவா நின்றால், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால், தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை எல்லோரையும் ஏற்றிக்கொண்டு நாளை காலை கொல்லிமலைக்குப் போக வேண்டும் என்றால், இரண்டில் எதை நம்புவது? டாக்ஸிக்காரரின் வண்டியாகக்கூட இருக்கலாம்!

குவாலிஸின் இடத்துக்கு 2005-ல் டொயோட்டா கொண்டுவந்த வண்டி இன்னோவா. லாரிகளைப் போல தனி சேஸி, பின் சக்கரங்களுக்கு பவர், 2.5 லிட்டர் டி-4டி டீசல் இன்ஜின். ஃபார்ச்சூனரும் இதே அடித்தளத்தில் வந்த வண்டிதான். பெரிய சுமைக்கும் மோசமான ரோட்டுக்கும் யோசித்துச் செய்த அமைப்பு என்பதால், 3 லட்சம் கி.மீ தாண்டிய இன்னோவாக்கள் நம் ஊர் டாக்ஸி ஸ்டாண்டுகளில் சாதாரணம். அங்கிருந்து பிறந்ததுதான் "இன்னோவாதானே, ஓடும்" என்ற வசனம்.

டாக்ஸி ஏன் அவ்வளவு ஓடுகிறது என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. அது தினமும் ஓடுகிறது. சர்வீஸ் கிலோமீட்டர் சீக்கிரமே வந்துவிடுவதால் ஆயில், ஃபில்டர் எல்லாம் அடிக்கடி மாறுகின்றன. டயர் பழசாவதற்கு முன்பே தேய்ந்து, புதுசு வந்துவிடுகிறது. வண்டி ஒருநாள் நின்றால் அன்றைய வருமானம் போச்சு என்பதால், சின்னச் சத்தம் கேட்டாலும் டிரைவர் மெக்கானிக்கிடம் போய்விடுவார்.

வீட்டு இன்னோவாவின் கதையே வேறு. கல்யாணம், காதுகுத்து, குலதெய்வக் கோயில், மே மாத டூர் என்று வருடத்துக்கு ஐந்தாறாயிரம் கிலோமீட்டர். மற்ற நாள்களில் கவர் போட்டுத் தூங்கும். "ஓடவே இல்லையே, எதுக்கு சர்வீஸ்?" என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்விபோலத்தான் தெரியும். ஆனால் ரப்பர், பிரேக் ஆயில், கூலன்ட், பேட்டரி எதற்கும் ஓடோமீட்டர் பார்க்கத் தெரியாது. அவை காலண்டரைப் பார்த்துத்தான் வயசாகின்றன.

மலையில் இறங்கும்போது...

இதில் அதிகம் பயப்பட வேண்டியது பிரேக் ஆயிலுக்குத்தான். அது காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். ஈரம் சேரச் சேர, அதன் கொதிநிலை இறங்கும். ஊருக்குள் ஓட்டும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முழு லோடோடு இறங்கும்போது, விடாமல் மிதிக்கிற பிரேக் சூடேறி, பழைய ஆயில் கொதித்துக் குமிழி விடலாம். அந்த நேரத்தில் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். பிரேக் பிடிக்காது.

பொதுவாக 2 வருடம் அல்லது 40,000 கி.மீ, எது முதலில் வருகிறதோ அப்போது இதை மாற்றச் சொல்வார்கள். வீட்டு வண்டிக்கு முதலில் வருவது எப்போதும் 2 வருடம்தான். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று பெரியவர்கள் சொல்வதும் இதற்காகத்தான்.

அடுத்தது டைமிங் பெல்ட். பழைய 2.5 டீசலில் இருப்பது ரப்பர் பெல்ட். ஓடிக்கொண்டிருக்கும்போது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி, செலவு இன்ஜின் பிரிக்கும் அளவுக்குப் போய்விடும். விளம்பரத்தில் பார்த்த அந்த 85,000 கி.மீ வண்டியில் பெல்ட் மாற்றவே இல்லை என்றால், உள்ளே இருப்பது 2010-ல் செய்த ரப்பர். கிலோமீட்டர் ஆகவில்லை என்று அதை விட்டுவைப்பது சரியல்ல. 2016-ல் வந்த கிரிஸ்டாவின் 2.4 டீசலில் பெல்ட்டுக்குப் பதில் செயின் என்பதால் இந்தக் கவலை இல்லை. ஹைகிராஸ் முற்றிலும் வேறு வண்டி. தனி சேஸி கிடையாது, பவர் முன் சக்கரங்களுக்கு, டீசலும் இல்லை. பழைய இன்னோவாவின் பெயரை வைத்து அதை எடைபோட முடியாது.

டயரில் நான்கு எண்

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2317 என்றால் 2017-ம் வருடத்தின் 23-வது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் புதுசுபோல இருந்தாலும் ரப்பர் உள்ளே காய்ந்திருக்கும். 5 வருடம் தாண்டினால் வருடா வருடம் செக் செய்ய வேண்டும். 10 வருடம் என்பது டயர் கம்பெனிகளே சொல்லும் கடைசி எல்லை. நம் ஊர் வெயிலில் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஆள் நிறைய ஏறும் நாளில் காற்று எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. அதை யார் படிக்கிறார்கள்?

பழைய இன்னோவாவின் கீழ் வேரியன்ட்களில் ஏர்பேக், ஏபிஎஸ் இரண்டுமே கிடையாது. புதிய கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். அதனால், பழைய வண்டியில் உயிர் காக்க இருப்பது சீட் பெல்ட் மட்டுமே. கடைசி வரிசை பெல்ட்டைப் பெரும்பாலான வீடுகளில் யாரும் தொட்டதே இல்லை. பக்கிள் சீட் இடுக்குக்குள் புதைந்து கிடக்கும். அங்கே உட்கார்ந்திருப்பது குழந்தைகள்.

வைத்துக்கொள்ளலாமா, விற்கலாமா?

15 வருடம் முடியும்போது இந்தக் கேள்வி தானாக வரும். எஃப்.சி பார்த்து ஆர்.சி-யை 5 வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரலில் கார்களுக்கு 5,000 ரூபாயாக உயர்ந்தது. இது தவிர பசுமை வரி தனி. தேதி தாண்டிய ஆர்.சி-யோடு ஓட்டி விபத்து நடந்தால், இன்ஷூரன்ஸ் கிளைமும் சிக்கலாகும்.

சேஸியில் துரு இல்லை என்றால், பெல்ட், டயர், பிரேக், புஷ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினாலும் புது வண்டியின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. தாராளமாக வைத்துக்கொள்ளலாம். சேஸியை துரு தின்றிருந்தால் யோசிக்காமல் கொடுத்துவிடலாம். கடற்கரை ஊர்க்காரர்கள் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி அடியில் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

அப்படி ஏற்றும்போது ஸ்டெப்னியையும் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். இன்னோவாவில் அது பின்பக்கம், அடியில் சங்கிலியில் தொங்கும். சேறும் தண்ணீரும் பட்டுப் பட்டு, இறக்குகிற விஞ்ச் இறுகிப்போயிருக்கலாம். அது தெரிய வேண்டிய இடம் வொர்க்‌ஷாப். நடுராத்திரியில், பைபாஸ் ஓரத்தில், எட்டு பேரும் இறங்கி நிற்கும்போது அல்ல.