வாட்டர்ப்ரூஃப் சரி, மீன் பிழைக்குமா?

வீட்டிலேயே பெரிய மீன்தொட்டி கட்டக் கிளம்புகிற நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சார், எந்த வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் நல்லது?"

கேள்வியிலேயே கோளாறு என்பது என் கட்சி. தண்ணீரை வெளியே விடாத சாமான் பெயிண்ட் கடையில் அலமாரி அலமாரியாக இருக்கிறது. அது பூசிய தொட்டிக்குள் ஒரு ஜீவன் வருஷக்கணக்கில் மூச்சு விட முடியுமா என்பதுதான் கேட்க வேண்டியது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தில்தான் பணமும் போகிறது, மீனும் போகிறது.

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தவர்களுக்கு இந்த ஆசை வருவதில் ஆச்சரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை கேலிஃப் ஸ்ட்ரீட் சந்தைக்குக் குழந்தைகளை ஒரு தடவை கூட்டிப் போனால் போதும். நம்ம சென்னை கொளத்தூர் மாதிரி, பை பையாக மீன். முதலில் 2 அடிக் கண்ணாடித் தொட்டி வரும். ஆறே மாதத்தில் அது சின்னதாகத் தெரியும். 6 அடிக்கு முழுக்கண்ணாடித் தொட்டி என்றால் 12 மில்லி கண்ணாடி, அதன் விலை, மாடிப்படியில் தூக்க நாலு ஆள். உடனே யோசனை வரும்: முன்பக்கம் மட்டும் கண்ணாடி, மற்ற பக்கமெல்லாம் பிளைவுட், உள்ளே ஒரு கோட்டிங். நல்ல யோசனைதான். நானும் அப்படித்தான் கட்டினேன்.

கோட்டிங்குக்குப் போகும் முன் ஒரு சின்னக் கணக்கு. 6 x 2 x 2 அடி என்றால் 24 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர். ஆக 680 லிட்டர், அதாவது தண்ணீர் மட்டுமே 680 கிலோ. அது உட்காரும் இடம் 12 சதுர அடி, ஒரு சதுர மீட்டரை விடக் கொஞ்சம் அதிகம். குடியிருப்புத் தளங்களுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்றுதான் வடிவமைப்புக் கணக்கு. நாம் வைப்பது அதைப் போல மூன்று மடங்கு. தரைத்தளம் என்றால் கவலையில்லை. மாடி என்றால் பீம் எங்கே போகிறது என்று ஒரு இன்ஜினியரைக் கேட்காமல் ஒரு பலகைகூட வாங்காதீர்கள். தண்ணீர் நிறைந்தால் முன்கண்ணாடியை மட்டும் சுமார் 340 கிலோ விசை வெளியே தள்ளும். அதைச் சட்டம் தாங்க வேண்டும். கோட்டிங் தண்ணீரைத் தடுக்கும், பாரத்தைத் தாங்காது. பலகை வளைந்தால் மூலையில் கோட்டிங் வெடிக்கும், கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

சரி, அலமாரிக்கு வருவோம்.

முதலில், மொட்டைமாடிக்குப் பூசும் அக்ரிலிக் கோட்டிங். "டாக்டர் ஃபிக்ஸிட் குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் பெரும்பாலும் இந்த ரகத்தைத்தான் எடுத்து வைப்பார். அது ஒரு பிராண்டின் பெயர், அதில் பல வகைச் சரக்கு உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. மொட்டைமாடிக் கோட்டிங் மழைக்கு நனைந்து வெயிலுக்குக் காய்வதற்காகச் செய்தது. 24 மணி நேரமும் மூழ்கிக் கிடப்பதற்கு அல்ல. அதைவிட முக்கியம், வெளிப்பூச்சுச் சரக்கு பலவற்றில் பாசியும் பூஞ்சையும் பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருக்கும். சுவருக்கு அது ப்ளஸ் பாயிண்ட். மீனுக்கு?

எங்கள் கிளையில் இருந்த ஒருவர் சிமெண்ட் தொட்டிக்கு அப்படி ஒன்றைப் பூசினார். ஒரு சொட்டு கசியவில்லை. நாலாம் நாள் மீன்கள் மேலே மிதந்தன. "கண் பட்டுடுச்சு" என்றார்கள் வீட்டில். காரணம் அதுதானா என்று நான் ஆராயவில்லை. ஆனால் அந்த டின்னை வாங்கிப் பார்த்தேன். 'பாசி, பூஞ்சை எதிர்ப்பு' என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவருடைய பெண் குழந்தை அப்புறம் அந்தத் தொட்டிப் பக்கமே போகவில்லை.

இரண்டாவது, தார். சாதா தாரும் வேண்டாம், கோல் டார் எபாக்ஸியும் வேண்டாம். பின்னது சாக்கடைக் குழாய்க்கும் கப்பல் அடிப்பாகத்துக்கும் ஆனது. "ரொம்ப ஸ்ட்ராங், தாதா" என்று கடைக்காரர் சொல்வார் (இங்கே தாதா என்றால் அண்ணன், நம்மூர் தாதா இல்லை :-)). ஸ்ட்ராங்தான். புற்றுநோய் சந்தேகம் உள்ள சரக்கைக் குடிநீருக்கும் வேண்டாம், மீனுக்கும் வேண்டாம்.

மூன்றாவது, பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சு. ஒரு பொடி, ஒரு பால் என்று இரண்டாக வரும். செங்கல், சிமெண்ட் தொட்டிக்கு இது பொருத்தம். குடிநீர்த் தொட்டிக்கு என்று தனியாக விற்கும் வகையையே வாங்க வேண்டும். சிமெண்டில் இன்னொரு தொல்லை சுண்ணாம்பு. புது சிமெண்டில் நிற்கும் தண்ணீரின் பி.எச். 12 வரைகூட ஏறும். நம்மூரில் புதுத் தொட்டியில் வாழைமரத்தைத் துண்டு போட்டு ஊற வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி விடுவார்கள். வங்காளத்தில் வாழைக்கா பஞ்சம்? முடிவில் மட்டும் வாழையை நம்பாமல் ஒரு பி.எச். கிட் வாங்கி அளந்து பாருங்கள். பிளைவுட்டுக்கு இந்தப் பூச்சு சரிப்படாது, பலகை அசைந்தால் விரிசல் விடும்.

நான்காவது, பாலியஸ்டர் ரெசினும் ஃபைபர் துணியும். மீன் பண்ணைகளில் உள்ள எஃப்.ஆர்.பி. தொட்டிகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். விலை குறைவு. ஆனால் மரத்தில் எபாக்ஸி அளவுக்கு ஒட்டாது, ஸ்டைரீன் வாசனை வீட்டையே தூக்கும். பட்டறையில் செய்து வாங்கலாம், படுக்கையறைக்குப் பக்கத்தில் செய்யக் கூடாது.

ஐந்தாவது, சால்வென்ட் இல்லாத, இரண்டு பாகமாக வரும் ஃபுட் கிரேடு எபாக்ஸி. பிளைவுட் தொட்டிக்கு என் ஓட்டு இதற்குத்தான். விலை அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். கண்ணாடி ஜன்னல் போக உள்பரப்பு சுமார் 36 சதுர அடி, அதாவது மூன்றேகால் சதுர மீட்டர். ஒரு பூச்சு கால் மில்லி தடிமன் என்றால் லிட்டருக்கு 4 சதுர மீட்டர் வரும். மூன்று பூச்சுக்கு இரண்டரை லிட்டர், சேதாரம் சேர்த்து 3 லிட்டர். கண்ணாடிக்கும் பிளைக்கும் ஸ்டாண்டுக்கும் யோசிக்காமல் கொடுத்துவிட்டு, இந்த 3 லிட்டரில் மிச்சம் பிடிப்பது எனக்குப் புரியவில்லை. முழுக்கடனும் கொடுத்துவிட்டு டாக்குமெண்ட் செலவில் சிக்கனம் பார்ப்பது மாதிரி இருக்கிறது.

"மரைன் பிளைதானே, எதுக்குக் கோட்டிங்?" என்று ஒரு கட்சியும் உண்டு. ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளையின் பசை தண்ணீரைத் தாங்கும், உண்மை. ஆனால் அந்தப் பலகைக்குப் பூச்சி, பூஞ்சை தாக்காமல் மருந்து ஏற்றியிருப்பார்கள். ஆகவே கோட்டிங்குக்கு இரட்டை வேலை. தண்ணீர் பலகைக்குள் போகக் கூடாது, பலகையில் இருப்பது தண்ணீருக்கும் வரக் கூடாது.

கடைக்காரரிடம் என்ன கேட்பது? 'ஃபுட் கிரேடு' என்று வாயால் சொன்னால் போதாது. டேட்டா ஷீட் கேளுங்கள். மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. சோதனைச் சான்று, அல்லது குடிநீர்த் தொடர்புக்கான பி.எஸ். 6920, என்.எஸ்.எஃப். 61 என்று ஏதாவது ஒன்று அதில் இருக்க வேண்டும். இதுவும் மனுஷனுக்கான சான்றுதான். நாம் குடிக்கிற குளோரின் தண்ணீரில் மீன் செத்துப் போகும் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் இருப்பதில் நம்பகமான காகிதம் இதுவே.

நல்ல சரக்கையும் கெடுத்துவிட முடியும். ரங் மிஸ்திரி பழக்க தோஷத்தில் தின்னர் ஊற்றுவார், விடாதீர்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூடுதலாக விடக் கூடாது. விகிதம் தப்பினால் வேலை செய்யாத மிச்சம் அப்படியே நின்று, பின்னால் தண்ணீரில் இறங்கும். தராசு வைத்து அளந்து, அடிவரை கிளறுங்கள். மூலைகளில் ஃபைபர் துணிப் பட்டை வைத்துப் பூசினால் விரிசல் பயம் குறையும். கையுறை கட்டாயம், ஜன்னல் திறந்திருக்கட்டும், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

காலமும் முக்கியம். கொல்கத்தா மழைக்கால ஈரத்தில் எபாக்ஸி மேல் பிசுபிசுவென்று ஒரு படலம் வரும். அதை வெந்நீரில் கழுவித் தேய்க்காமல் அடுத்த பூச்சு அடித்தால் உரியும். நவம்பருக்குப் பிறகு வேலையை வைத்துக்கொள்ளுங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளமே தவிர முழுசாக இறுகியதற்கு அல்ல. 25-30 டிகிரியில் 7 நாள் என்று பெரும்பாலும் டேட்டா ஷீட் சொல்லும். குளிரில் இன்னும் கூடும். நான் மூன்று வாரம் விட்டேன். கண்ணாடி ஒட்டும் சிலிக்கான் அதற்குப் பிறகுதான், ஏனென்றால் சிலிக்கான் மேல் எந்தப் பூச்சும் நிற்காது. அதிலும் பூஞ்சை எதிர்ப்பு என்று போட்ட பாத்ரூம் சிலிக்கான் வேண்டாம், மீன்தொட்டிக்கென்று உள்ளதையே வாங்குங்கள்.

கடைசியாக, சோதனை. "பத்து ரூபாய் மீன் நாலு விட்டுப் பாருங்க, பிழைச்சா அப்புறம் விலை மீன் விடலாம்" என்று சந்தையில் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. பத்து ரூபாய் மீனுக்கும் உயிர் ஒன்றுதான், பக்கத்தில் நின்று பார்க்கிற குழந்தைக்கு விலைப்பட்டியல் தெரியாது. ஒரு பலகைத் துண்டில் அதே கோட்டிங்கைப் பூசி, இறுகவிட்டு, ஒரு வாரம் வாளியில் ஊற வையுங்கள். வாசனை, எண்ணெய்ப் படலம், பிசுபிசுப்பு, பி.எச். மாற்றம், இதில் எது தெரிந்தாலும் அந்தச் சரக்கு வேண்டாம். தொட்டியையும் இரண்டு தடவை நிரப்பிக் காலி செய்த பிறகே மீன்.

வாடகை வீட்டில், அடுத்த வருஷமே டிரான்ஸ்ஃபர் வரலாம் என்று இருப்பவர்களுக்குக் கோட்டிங்கே வேண்டாம் என்பேன். மரச்சட்டம் கட்டி, மீன் வளர்ப்புக்கென்று விற்கும் லைனர் ஷீட்டை உள்ளே விரித்தால் போதும். மேலிருந்துதான் பார்க்க முடியும், ஆனால் மடித்து லாரியில் ஏற்றலாம். ஓனரிடம் அட்வான்ஸும் முழுசாகத் திரும்பி வரும்.

டிஸ்கி: அடியேன் வெறும் பி.காம்., கெமிஸ்ட் இல்லை. டேட்டா ஷீட்டில் உள்ளதற்கும் நான் எழுதியதற்கும் எங்காவது முரண்பட்டால், டேட்டா ஷீட்டையே பின்பற்றுங்கள்.