கிடங்குக்கு முன்னால் உள்ள இடைவெளி

காய்கனிகளுக்கான உட்கட்டமைப்பு மானியம் இந்தியாவில் வெகுகாலம் குளிர்பதனக் கிடங்கைச் சுற்றியே வந்திருக்கிறது. கிடங்கு கண்ணுக்குத் தெரியும், கொள்ளளவை டன் கணக்கில் சொல்லலாம், வங்கிக்கு ஈடாகவும் நிற்கும். 2015-இல் தேசிய குளிர்பதனச் சங்கிலி வளர்ச்சி மையத்துக்காக நடந்த ஆய்வோ பெரிய குறை வேறிடத்தில் இருப்பதைக் காட்டியது. கிடங்குகளின் தேவை ஏறத்தாழ 350 லட்சம் டன். அதில் 318 லட்சம் டன் ஏற்கெனவே இருந்தது. விளைபொருளைத் தரம்பிரித்துக் குளிரவைத்து அனுப்பும் சிப்பம் கட்டும் கூடங்கள் 70,080 தேவைப்பட்ட இடத்தில் இருந்தவை வெறும் 249. குளிரூட்டப்பட்ட வண்டிகள் சுமார் 62,000 வேண்டியிருக்க, பத்தாயிரத்தைக்கூட எட்டவில்லை.

இந்த இடைவெளியின் விலையைத் தக்காளியில் பார்க்கலாம். பறித்த காயில் வயல்வெப்பம் தங்கியிருக்கும். அந்த வெப்பத்தைச் சில மணி நேரத்துக்குள் தணிக்காவிட்டால், பின்னர் எவ்வளவு நல்ல அறையில் வைத்தாலும் இழந்த ஆயுள் திரும்பாது. இருக்கும் கிடங்குகளில் பெரும்பாலானவை உருளைக்கிழங்குக்காகக் கட்டப்பட்டவை. விதைக்கிழங்கு கேட்கும் 2 முதல் 4 டிகிரி குளிரில் முதிர்ந்த பச்சைத் தக்காளியைச் சில நாள் வைத்தாலே குளிர்ச்சேதம் உண்டாகும். சரியாகப் பழுக்காது, வெளியே எடுத்ததும் அழுகத் தொடங்கும். எந்தப் பயிருக்கு என்று சொல்லாமல் கொள்ளளவுக்கு மட்டும் தரும் மானியத்தால் விவசாயிக்குப் பயனில்லை.

2020-இல் வந்த இரண்டு திட்டங்கள் இதைச் சரிசெய்ய வழி திறந்தன. ஒரு லட்சம் கோடி ரூபாய்க் கடன் இலக்குள்ள வேளாண் உட்கட்டமைப்பு நிதி, சிப்பம் கட்டும் கூடம், தரம்பிரிப்பு இயந்திரம், பழுக்கவைக்கும் அறை ஆகியவற்றுக்கு 2 கோடி ரூபாய் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகையை ஏழாண்டு வரை தருகிறது. உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான பிரதமர் திட்டத்தில் தனிநபருக்கு 35 சதவீத மானியம் உண்டு. உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய்.

இந்த 35 சதவீதம் பின்னேற்பு மானியம். கடனின் கடைசித் தவணை வழங்கப்பட்டு மூன்றாண்டு கழிந்து, கணக்கு ஒழுங்காகவும் ஆலை ஓடிக்கொண்டும் இருந்தால்தான் அது கடனில் கழிக்கப்படும். கட்டிப் பூட்டிப்போடுவதைத் தடுக்கும் நல்ல விதி இது. ஆனால் முதல் பருவத்தில் சுமை முழுவதும் தொழில்முனைவோர் தலையில்தான். சரக்கு கொண்டுவருபவருக்கு அன்றைக்கே பணம் தர வேண்டும், வாங்கும் கடையோ வாரக்கணக்கில் இழுக்கும், மின்கட்டணம் காத்திராது. சுயஉதவிக் குழு உறுப்பினருக்கு நடைமுறை மூலதனத்துக்கும் சிறு கருவிகளுக்கும் 40,000 ரூபாய் வரை அதே திட்டம் தருகிறது. சரக்கைத் திரட்டி விற்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் இப்படியொரு ஏற்பாடு தேவை.

திட்ட அறிக்கையைப் பரிசீலிப்பவர்கள் கட்டுமான மதிப்பீட்டுக்கு முன் கேட்க வேண்டியவை சில: எந்தப் பயிர், ஆண்டில் எத்தனை நாள் வரத்து, வரத்தில்லாத மாதங்களில் அறைக்கு என்ன வேலை, சரக்கை ஏற்றிச்செல்லும் வண்டி யாருடையது? மூன்றாண்டு கழிந்து ஆலை ஓடுகிறதா என்று பார்க்கும்போது, எத்தனை நாள் ஓடியது, எவ்வளவு சரக்கு கடந்தது என்பதையும் பதிவுசெய்யலாம். அந்தக் கணக்கு இருந்தால் அடுத்த மானியத்தை எந்த வட்டாரத்தில், எந்தக் கருவிக்குத் தருவது என்பதை ஊகத்தில் முடிவுசெய்ய வேண்டியிருக்காது.