மல்லாட்டைத் தோலும் மண்புழுவும்



தமிழ்த்தாய் வாழ்த்து எந்த நூலில் இருக்கிறது என்று கேட்டால், பள்ளிப் பிள்ளைகள் தயங்காமல் ‘மனோன்மணீயம்’ என்று சொல்லிவிடுவார்கள். பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891-ல் வெளியிட்ட அதே நாடகத்தில், நடராசன் என்ற பாத்திரம் ஒரு நாங்கூழ்ப் புழுவை, அதாவது மண்புழுவைக் கண்டு, மண்ணைத் திருத்தும் அதன் ஓயாத உழைப்பை நெகிழ்ந்து போற்றும் இடமும் இருக்கிறது. அந்தப் பகுதியைப் பாடமாகப் படித்தவர்கள்கூட நாளடைவில் மறந்துவிடுகிறோம். தேடியெடுத்து வாசித்துப் பாருங்கள் என்பது இந்த மாதம் உங்களிடம் என் முதல் வேண்டுகோள்.

அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1881-ல், இங்கிலாந்தில் சார்லஸ் டார்வின் மண்புழுக்களுக்காகவே ஒரு முழு நூல் எழுதினார். அவருடைய கடைசி நூல் அதுதான். வீட்டுக்குள்ளேயே தொட்டிகளில் மண் நிரப்பிப் புழு வளர்த்தார் அந்தப் பெரியவர். பக்கத்தில் விசில் ஊதிப் பார்த்தார்கள், குழல் வாசித்துப் பார்த்தார்கள், புழுக்கள் கண்டுகொள்ளவில்லை. தொட்டியைப் பியானோவின் மேல் வைத்து ஒரு கட்டையை அழுத்தியதுமே வளைக்குள் பதுங்கிவிட்டன. காது கிடையாது, அதிர்வு மட்டும் நன்றாகத் தெரியும். தண்ணீர் மோட்டாருக்கும் வாஷிங் மெஷினுக்கும் பக்கத்தில் புழுத்தொட்டியை வைக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

வீட்டில் மண்புழு வளர்ப்பது எப்படி என்று விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வாசகர்கள் தொடர்ந்து கேட்டு வருகிறீர்கள். புத்தகங்களுக்குக் குறைவில்லை. 1982-ல் மேரி ஆப்பல்ஹாஃப் எழுதிய நூல் உலகெங்கும் எத்தனையோ வீடுகளில் புழுப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தது. ஆனால் அவர் இருந்தது அமெரிக்காவின் மிச்சிகனில், பனி கொட்டும் ஊரில். குளிரிலிருந்து புழுவைக் காப்பது அங்கே பெரிய வேலை. நமக்கோ கத்திரி வெயிலும் கார்த்திகை மழையும்தான் கவலை. நம் ஊர்க் கணக்கை நாமே போட்டாக வேண்டும்.

முதலில் வெயில். சூடு 35 டிகிரியைத் தாண்டினால் உரப்புழுக்கள் தவிக்கும், பிறகு செத்துப்போகும். எனவே மொட்டை மாடி வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே, வேப்ப மர நிழலில், துவைக்கிற கல்லுக்குப் பின்னால் என்று வெயில் படாத இடமாகப் பாருங்கள். பிளாஸ்டிக் தொட்டி சூடேறிவிடும்; வாயகன்ற மண்தொட்டியோ சிமென்ட் தொட்டியோ நல்லது. மேலே நனைத்த கோணிச்சாக்கு, மாலையில் ஒரு முறை தண்ணீர்த் தெளிப்பு. கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் அளவுக்கு ஈரம் போதும்.

அடுத்தது மழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியதை விழுப்புரம் மாவட்டத்தில் யார் மறப்பார்கள்? மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. தோல் வழியாகத்தான் மூச்சு. தேங்கிய தண்ணீரில் காற்று குறைந்தால் சுவரேறி வெளியே போகத்தான் பார்க்கும். அடியில் வடிதுளை, தொட்டியைத் தூக்கி வைக்க நாலு செங்கல், சாரல் அடிக்காத கூரை. ஐப்பசிக்கு முன்பே இந்த மூன்றையும் சரிபார்த்துவிடுங்கள்.

எந்தப் புழு வாங்குவது? ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூட்ரிலஸ், ஐரோப்பாவின் ஐசீனியா இரண்டும் எளிதில் கிடைக்கும், வேகமாகத் தின்னும். சென்னை நியூ காலேஜில் பணியாற்றிய மண்ணியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில் பல்லாண்டுகளாக எடுத்துச் சொல்லிவருவது நம் நாட்டுப் புழுக்களை: பெரியோனிக்ஸ், லாம்பிட்டோ. நான் அவர் பக்கம். இந்த மண்ணிலேயே பிறந்த உயிர் இந்த வெயிலை அறியும். இதில் லாம்பிட்டோ மண்ணுக்குள் வாழ்வது. வெறும் குப்பையில் விட்டால் நிற்காது. அடியில் செங்கல் ஜல்லி, அதன் மேல் மணல், அப்புறம் ஒரு சாண் அளவுக்குத் தோட்டத்து மண், அதற்கும் மேலேதான் சாணமும் வைக்கோலும் என்று அடுக்குங்கள். பச்சைச் சாணம் சூடு கிளப்பும். பதினைந்து நாளாவது ஆறப்போட்ட சாணமாக இருக்கட்டும்.

தீனிக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. திண்டிவனம் எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத்தான் ‘டி.எம்.வி.’ என்று எத்தனையோ மல்லாட்டை (நிலக்கடலை) ரகங்கள் தாங்கி நிற்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் மல்லாட்டைத் தோல் குப்பைக்குப் போகலாமா? தோலை நொறுக்கி இரண்டு நாள் ஊறவைத்துப் படுக்கையோடு கலந்தால், தொட்டிக்குள் காற்றோட்டம் குறையாது. கரும்புச் சோகையையும் நறுக்கிப் போடலாம். கீரைத்தண்டு, வாழைப்பழத் தோல், டீத்தூள் சக்கை, பொடித்த முட்டை ஓடு எல்லாம் சரி. மிஞ்சிய சாம்பார், புளி, ஊறுகாய், எலுமிச்சைத் தோல், மீன் கழுவிய தண்ணீர் கூடவே கூடாது. உப்பும் புளிப்பும் அந்த மெல்லிய தோலை எரிக்கும்.

நல்ல சூழலில் ஒரு புழு தன் எடையில் பாதி அளவு ஒரு நாளைக்குத் தின்னும். கால் கிலோ புழு வாங்கினால் தினம் நூறு கிராமுக்கு மேல் போடாதீர்கள். போட்டது கரைந்த பிறகு அடுத்ததைப் போடுங்கள். நாற்றம் வந்தால் தீனி அதிகமாகிவிட்டது என்று பொருள். நிறுத்திவிட்டுக் காய்ந்த சருகைக் கலந்துவிடுங்கள். செங்கல்லுக்குப் பதில் ஸ்டாண்டில் தொட்டியை வைத்திருந்தால், எறும்பு வராமலிருக்க அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். கோழி வளர்க்கும் வீடு என்றால் கம்பிவலை கட்டாயம்.

உரம் மட்டும் பெரிதில்லை எனக்கு. நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் ஈரக்குப்பை. பிளாஸ்டிக்கோடு அது சேர்ந்து அழுகிய பையை, காலையில் குப்பை வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் அக்காதான் கையால் கிளறிப் பிரிக்கிறார். நம் அடுப்படி வேலையை அவர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. புழுத்தொட்டி வைத்த வீட்டிலிருந்து அவர் கைக்குப் போவது பெரும்பாலும் காய்ந்த குப்பையாகத்தான் இருக்கும்.

திண்டிவனத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் புழு, பயிற்சி இரண்டையும் விசாரியுங்கள். தை பிறந்ததும் தொடங்குவது நல்லது; மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. இரண்டு மாதத்தில், பங்குனி வாக்கில், டீத்தூள் போன்ற கறுத்த உரம் மேலே திரண்டிருக்கும். அப்போது சாலையோரமெல்லாம் தர்பூசணி குவிந்திருக்கும். அதன் தோல் என்றால் புழுக்களுக்கு உயிர். ஆனால் அது முழுக்கத் தண்ணீர், ஒரு பிடி காய்ந்த சருகோடு சேர்த்தே போடுங்கள். சவுக்குச் சருகைப் போட்டுப் பார்த்தவர்கள், வாழைமட்டையில் புழு வளர்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். எவ்வளவு நாளில் மக்கியது, புழு பெருகியதா என்று எங்களுக்கு எழுதுங்கள். சித்திரை இதழில் உங்களுக்காகப் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்