தெருவில் நடப்பதும் படமெடுப்பதும்



காலை அஞ்சரை மணிக்கு வீட்டை விட்டு இறங்குவேன். புளியந்தோப்பு ஆடுதொட்டிப் பக்கம் தொடங்கி, பெரம்பூர் பாரக்ஸ் ரோட்டைப் பிடித்து, பட்டாளம் வரை போய், ஓட்டேரி நல்லா கால்வாய் ஓரமாகத் திரும்பி வருவேன். ஒன்றரை மணி நேர நடை. கையில் ஒரு பழைய கேமரா. அது மக்கர் பண்ணும் நாளில் செல்போன். ஆறு வருசமாக இதே தெருக்கள்தான்.

அப்படி என்னத்தைப் படம் புடிச்சிருக்கே என்று கேட்பீர்கள். தண்ணி லாரிக்காக வரிசை கட்டி நிற்கும் பிளாஸ்டிக் குடங்கள். திறக்காத மாட்டுக்கறிக் கடையின் மரக்கட்டை. ராத்திரி வேலை முடிந்து நாஷ்டா கடையில் ஆப்பம் தின்கிற குப்பை வண்டித் தோழர். சாவு வீட்டுப் பந்தலில் விடிய விடிய கானா பாடித் தொண்டை கட்டிப் போன பையன்கள். கம்பிக் கூண்டுக்குள் நிற்கும் அண்ணல் அம்பேத்கர். அவ்வளவுதான்.

போன மாதம் எங்கள் படிப்பு வட்டத்தில் ஒரு மாணவர் எழுந்து கேட்டார்: "தோழர், மலக்குழிச் சாவு, ஆணவக் கொலை என்று ஆயிரம் பிரச்சினை இருக்கு. நீங்க குடத்தையும் கோலத்தையும் படமெடுத்துக்கிட்டு இருக்கீங்க. இது நடுத்தர வர்க்கத்துப் பொழுதுபோக்கு இல்லையா?" நியாயமான கேள்வி. அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இந்தத் தலையங்கத்தில் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் நடையைப் பேசுவோம். தெருவில் நடப்பது என்பது நமக்குச் சும்மா கிடைத்த விசயமா? பொதுச் சாலையில், பொதுக் கிணற்றில், பொதுக் கட்டடத்தில் எல்லோரும் புழங்கலாம் என்பதற்கு 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதே 1924இல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது. நூறு வருசம் ஓடிவிட்டது. இன்றைக்கும் செருப்புப் போட்டு நடக்க முடியாத தெரு, சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டிய தெரு தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருக்கிறது. பட்டணத்தில் அப்படியெல்லாம் இல்லை என்பார்கள். ஒருநாள் நகரத்தின் தென்பகுதியில், ஒரு கோயில் குளத்தை ஒட்டிய தெருவில், வாசலில் போட்டிருந்த கோலத்தைப் படமெடுத்தேன். திண்ணையில் இருந்த பெரியவர் கேட்டது ரெண்டே கேள்வி: "யாருப்பா நீ? எந்த ஏரியா?" ரெண்டாவது கேள்வி எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்தடி தள்ளி ஒரு வெள்ளைக்காரர் இரண்டு கேமராவோடு நின்றிருந்தார். அவரை உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்கள். கேமரா ஒன்றுதான். யார் கழுத்தில் தொங்குகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அடுத்து, நம்மை இதுவரை யார் படமெடுத்தார்கள் என்று பார்ப்போம். தாது வருசப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்த 1876–78 பஞ்சத்தில் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாணத்தில் பட்டினி கிடந்தவர்களைப் படமெடுத்தார். எலும்பும் தோலுமான மனிதர்களைக் கூட்டம் கூட்டமாக உட்கார வைத்து எடுத்த படங்கள். அந்தக் காலத்து கேமராவுக்கு ஆட்கள் அசையாமல் இருக்க வேண்டும். பசியில் கிடப்பவர் எங்கே அசையப் போகிறார்? அந்த எலும்புகள் நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. பெயர்கள் வந்து சேரவில்லை. அதே 1877–78இல்தான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதியைப் பஞ்ச நிவாரண வேலை என்று சொல்லிப் பசித்தவர்களை வைத்தே வெட்டினார்கள். இந்தக் கால்வாயை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அதற்கப்புறம் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். வந்தவர் போனவரையெல்லாம் நிறுத்தி மூக்கின் அகலத்தையும் மண்டையின் நீளத்தையும் அளந்தார். 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளிவந்தன. அதில் படங்கள் உண்டு. பெரும்பாலான படங்களுக்குக் கீழே இருப்பது சாதிப் பெயர். ஆளுக்கு ஒரு பெயர் இருந்திருக்குமே, அது வேண்டியதாக இல்லை. அதே காலத்தில், 1907இல், இதே சென்னையில் இராயப்பேட்டையில் அயோத்திதாசர் தம் பத்திரிகையைத் தொடங்கிவிட்டார். நம் கையில் அச்சு வந்துவிட்டது. கேமரா வரவில்லை. எழுத்தில் நம் குரல் இருக்கிறது. படத்தில் மட்டும் நாம் அளக்கப்பட்ட உடம்பாகவே நிற்கிறோம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று தள்ளிவிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வடசென்னைக்குக் கூட்டமாக வருகிறார்கள். ஒரு ஆயாவின் முகச் சுருக்கம், மூக்கு ஒழுகும் குழந்தை, குப்பை மேட்டில் நிற்கும் நாய். எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்கெல்லாம் கிளம்பிவிடுகிறார்கள். கண்ணகி நகரில் 2020இல் சுவர் முழுக்கப் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டினார்கள். ஓவியர்களைக் குறை சொல்லவில்லை, அங்குள்ள பிள்ளைகளுக்கு அது சந்தோசம்தான். ஆனால் படமெடுக்க வருகிறவர்களில் எத்தனை பேர், இந்தச் சனம் எந்தத் தெருவிலிருந்து பிடுங்கப்பட்டு இங்கே கொண்டுவந்து கொட்டப்பட்டது என்று கேட்டார்கள்? சுவர் படத்தில் விழுகிறது. சுவருக்குள் இருக்கும் ஆள் விழுவதில்லை.

ஊரைக் குறை சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. நடக்கத் தொடங்கிய முதல் வருசம். ஒரு விடியற்காலை, பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய தோழர் ஒருவர் மேலே ஏறிக்கொண்டிருந்தார். தலை முதல் இடுப்பு வரை கறுப்புச் சேறு. கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. நான் ஓடிப்போய் நாலு படம் எடுத்தேன். இந்தக் கொடுமையை உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்ற ஆவேசம்தான். அவர் திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இன்னா தோழர், ஒரு அவரு பொறுத்தீன்னா குளிச்சிட்டு சட்ட மாட்டினு வந்திருப்பேனே. எம் பொண்ணு காலேஜ் போவுது. இத்த பாத்தா அதுக்கு எப்படி இருக்கும்?"

கூசிப் போனேன். ஹூப்பரை நான் எந்த வாயால் திட்டுவது? நாலு படத்தையும் அவர் எதிரிலேயே அழித்தேன். மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். மகளோடு, வெள்ளைச் சட்டையில், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. இங்கே நான் அச்சிடப்போவதில்லை.

அப்படியானால் கொடுமையை மூடி மறைக்கச் சொல்கிறேனா? இல்லை, கேமராவைத் திருப்பச் சொல்கிறேன். மனிதரைக் குழிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடையில் இறந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கு என்று வரும்போது அங்கே கேட்கப்படுவது சேறு பூசிய முகமா? இறக்கிவிட்டவன் யார் என்பதுதானே! ஆகவே லாரியின் நம்பரை எடுங்கள். காண்டிராக்டரின் போர்டை எடுங்கள். கைக்கட்டி நின்று வேடிக்கை பார்க்கும் மேஸ்திரியை எடுங்கள். முகமூடியும் கயிறும் இல்லாத வெறும் குழியை எடுங்கள். பாதிக்கப்பட்டவர் முகத்தைக் காட்டி இரக்கம் கேட்டது போதும். குற்றவாளியின் முகத்தைக் காட்டிக் கணக்குக் கேட்போம்.

இதைக் கறுப்பினத் தோழர்கள் முன்னமே கண்டுகொண்டார்கள். 1942இல் வாஷிங்டனில் கார்டன் பார்க்ஸ், அரசு அலுவலகத்தில் கூட்டித் துடைக்கும் எல்லா வாட்சன் என்ற பெண்ணை, கையில் துடைப்பத்தோடு அமெரிக்கக் கொடிக்கு முன்னால் நிறுத்திப் படமெடுத்தார். உலகம் அறிந்த படம். அந்த ஒரு படத்தோடு அவர் போய்விடவில்லை என்பதுதான் நமக்குப் பாடம். தொடர்ந்து வாரக்கணக்கில் அந்த அம்மாவோடு நடந்தார். வீடு, பேரப்பிள்ளைகள், தெரு, தேவாலயம் எல்லாம் எடுத்தார். ராய் டிகரவா ஹார்லெமில் பிறந்து, ஹார்லெம் தெருக்களையே படமெடுத்தவர். 1955இல் லாங்ஸ்டன் ஹியூஸ் எழுத்தோடு அந்தப் படங்கள் புத்தகமாயின. சமையலறை, மாடிப்படி, வேலை முடிந்து திரும்பும் ஆள் என்று சாதாரண வாழ்க்கை. 1972இல் பம்பாயில் நம் தோழர்கள் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பேரை எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பழக்கத்தையும் எடுத்துக்கொள்ளலாமே.

இப்போது அந்தக் கால்வாய்க்கு வருகிறேன். 2022இல் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய்க் கரையில் இருந்த வீடுகளை இடித்தார்கள். ஒருவர் தீக்குளித்து இறந்தார். பஞ்சத்தில் பசித்தவர்கள் வெட்டிய கால்வாயின் கரையில் ஏழைக்கு இடமில்லை! அதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'ஆக்கிரமிப்பு'.

என் நடைப் பாதையிலும் கால்வாய் ஓரம் ஒரு வரிசை வீடுகள் இருந்தன. ரெண்டு வருசத்துக்கு முன்னால் ஒரே நாளில் தரைமட்டம். சாமான்களோடு சனத்தைப் பெரும்பாக்கத்துக்கு லாரி ஏற்றிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து அந்த வரிசையில் இட்லி விற்ற ஆயா என்னைத் தேடி வந்தது. "நைனா, தெனம் படம் புடிச்சினு போவியே, எம் வூட்டு வாசப்படி எதுலயாச்சும் வுழுந்து கீதா பாரேன்."

தேடினோம். பதினான்கு படங்களில் அந்த வாசல் இருந்தது. ஒன்றில் நிலைக்கதவின் ஓரமாகக் கரியால் போட்ட கோடுகள், பேரன் வளர வளர அளந்து போட்டது. ஆயா அதையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் வேறொன்றைப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் கதவுக்கு மேலே மின்வாரிய மீட்டர் பெட்டி. பக்கத்தில் கதவு எண். தெருமுனையில் குடிநீர் வாரியத் தொட்டி. மின்சாரம் கொடுத்தவர்கள், எண் கொடுத்தவர்கள், தண்ணி கொடுத்தவர்கள், ஓட்டு வாங்கியவர்கள் ஒருநாள் காலையில் வந்து, 'நீ இங்கே இருக்கவே கூடாது' என்கிறார்கள்! கணக்கெடுப்பு நாளில் வேலைக்குப் போயிருந்ததால் பட்டியலில் பேர் விட்டுப்போன மூன்று குடும்பங்களுக்கு இந்தப் படங்களைத் தேதியோடு மனுவில் இணைத்தோம். ஒரு குடும்பத்துக்கு வீடு கிடைத்தது. ரெண்டு குடும்பம் இன்னும் அலைகிறது.

படம் புல்டோசரை நிறுத்தவில்லை. அதை ஒளிக்காமல் சொல்கிறேன். நிறுத்தும் வலு அமைப்புக்கும் போராட்டத்துக்கும்தான் உண்டு. ஆனால் அங்கே ஒரு தெருவே இருந்ததில்லை என்று நாளைக்கு எவனும் சொல்ல முடியாது.

ஆகவே வாசகத் தோழர்களுக்கு ஒரு வேலை வைக்கிறோம். உங்கள் தெருவில் தினம் அரை மணி நேரம் நடங்கள். எந்த செல்போனும் போதும். கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எடுத்தவருக்கு ஒரு பிரதி போட்டுக் கொடுங்கள். தேதி, தெரு, ஆளின் பெயர், செய்யும் வேலை, அவர் சொன்ன ஒரு வார்த்தை இவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெயரில்லாத படம் தர்ஸ்டன் படம்தான். கதவு எண், மீட்டர், குழாய், பெயர்ப்பலகை, மன்றம், சிலை எதையும் விடாதீர்கள். பிள்ளைகள் முகத்தையும் பிணத்தின் முகத்தையும் ஊர் முழுக்கப் பரப்பாதீர்கள். படங்களை ஒரே போனில் வைக்காமல் மூன்று இடத்தில் வையுங்கள். பெண் தோழர்கள் கட்டாயம் எடுக்க வேண்டும். நான் ஆறு வருசம் நடந்தும் குழாயடிப் பேச்சு ஒன்றுகூட என் கேமராவில் விழவில்லை. என்னைக் கண்டதும் அங்கே பேச்சு நின்றுவிடும்.

கேள்வி கேட்ட மாணவருக்குச் சொல்வது இதுதான். போராட்டம் நடக்கும் நாள் வருசத்தில் பத்து. மிச்ச நாட்களில் நாம் எப்படி வாழ்ந்தோம் என்பதை எழுத எவனும் வரப்போவதில்லை. அதை நாமேதான் எடுத்து வைக்க வேண்டும்.

அவர் சமாதானமாகவில்லை. "ரெண்டு நாள் கூட நடந்து பார்த்துட்டுச் சொல்றேன் தோழர்" என்றிருக்கிறார். நாளை காலை அஞ்சரைக்கு, ஆடுதொட்டி வாசலில் நிற்பேன். வரட்டும்.

ஜெய்பீம்.