நேற்றைய தோழன், இன்றைய துரை

கூட வேலை செய்த ஒருவன் மேலே போய்விட்டால், "இனி அவன் நம்மவன் இல்லை" என்று கீழே இருப்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். மேலே போனவனுக்கோ வேறோர் உபதேசம் காத்திருக்கும்: "பழைய சிநேகிதத்தை மூட்டை கட்டி வை. அவர்களோடு காபி சாப்பிடாதே. நீ சிரித்தால் அவர்கள் வேலை செய்ய மாட்டார்கள்!" இரண்டு பேச்சுக்கும் வேர் ஒன்றுதான். அதிகாரம் வந்தால் மனிதன் மாறித்தான் ஆகவேண்டும் என்கிற மூட நம்பிக்கை அது. இதை உலக ஞானம் என்று நினைக்கும் பெரியவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

மனிதன் மாறுகிறான் என்பதற்கு அவர்கள் சாட்சியாகக் காட்டுவது கங்காணியை. காட்டட்டும். மலாயா ரப்பர்த் தோட்டத்தில் தானும் பால் வெட்டிக் கூலி வாங்கியவன்தான், ஆள் திரட்டச் சொந்த ஊருக்கு அனுப்பப்பட்டு, உறவையும் ஊராரையும் கப்பலேற்றிக்கொண்டு கங்காணியாகத் திரும்பினான். அவன் ஏன் அத்தனை கொடியவன் ஆனான்? நெஞ்சம் திடீரென்று கல்லாகிவிட்டதா? அவனுக்குச் சம்பளம் வந்த வழியைப் பாருங்கள். அன்றைக்கு எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ, அத்தனை தலைக்கும் அவனுக்குக் காசு. காய்ச்சலில் படுத்திருக்கும் தம்பி, அவன் கணக்கில் ஒரு தலை குறைவு. இலங்கைத் தோட்டங்களிலோ கூலியாளின் கடனை எழுதிய 'துண்டு' என்ற சீட்டே அவனுடைய காலுக்கு விலங்காக இருந்தது. அதைச் சட்டம் போட்டு ஒழிக்க 1921 வரை ஆயிற்று. அப்படிப்பட்ட ஏற்பாட்டில் தருமபுத்திரரை உட்கார வைத்திருந்தாலும் அவரும் பிரம்பைத்தான் எடுத்திருப்பார்.

துரைமார்கள் கூலிகளுக்குள்ளேயே ஒருவனைப் பொறுக்கியதற்குக் காரணம் கருணை அல்ல. யாருக்குக் கடன் அதிகம், யார் குடிப்பான், எவளுக்குத் திருப்பிக் கேட்க நாதியில்லை என்பதெல்லாம் தோழனுக்குத்தான் தெரியும். சிநேகிதத்தில் அறிந்த ரகசியம் அங்கே மேற்பார்வைக்கு ஆயுதமாயிற்று. இன்றைக்கும் சில அலுவலகங்களில், "உனக்குத்தான் அவர்களைப் பற்றி எல்லாம் தெரியுமே" என்று சொல்லி ஒருவருக்குப் பதவி உயர்வு கொடுக்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் மகிழக் கூடாது. சற்று அஞ்ச வேண்டும்.

தாமல் ஏரிக்கரைப் பக்கம் ஒரு பெண்மணியோடு பேசிக்கொண்டிருந்தேன். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நூறு நாள் வேலை நடந்தபோது, மண்வெட்டி பிடித்த அவர் கையில் சில காலம் வருகைப் பதிவேடு இருந்தது. அந்தப் பொறுப்பில் இருப்பவருக்குச் சர்க்கார் மொழியில் 'மேட்' என்று பெயர். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் தோழன் என்றும் பொருள் உண்டு என்பதை அவர் அறியமாட்டார். ஆனால் அதன் சங்கடத்தை முழுக்க அறிந்திருந்தார்.

"நேத்து வரைக்கும் அக்கான்னு கூப்பிட்டவங்க, நோட்டைக் கையில எடுத்ததும் மூஞ்சியைப் பாக்காம பேசினாங்க. ஒருத்தி பத்து மணிக்கு மேல வந்துட்டு, 'போட்டுக்கோ அக்கா'ன்னா. போட்டா மத்தவங்களுக்குத் துரோகம். போடலேன்னா அவளுக்கு நான் எதிரி."

"என்ன செய்தீர்கள்?"

"எல்லாரையும் உக்கார வச்சு, பேரையெல்லாம் சத்தமா படிச்சேன். யார் வந்தது, யார் வரலேன்னு அவங்களே சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

நிர்வாகத்தைப் பற்றி எழுதப்பட்ட தடிமனான புத்தகங்கள் சொல்லத் தயங்குவதை இந்த அம்மாள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அவர் சிநேகிதத்தை விடவில்லை. கணக்கை மறைக்கவும் இல்லை. ஒளிவு இல்லாத இடத்தில் தோழிக்குச் சலுகை காட்டவும் முடியாது, பகைத்தவளைப் பழிவாங்கவும் முடியாது.

இது புதிய கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். தாமலிலிருந்து காஞ்சிபுரம் வழியாக உத்திரமேரூர் போய், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் அந்த ஊர்ச் சபை செய்த ஏற்பாடு அங்கே கல்லில் இருக்கிறது. முப்பது குடும்புகள், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் செய்தார்கள். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். பதவி 360 நாள். முந்தைய மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவன் பெயர் குடத்தில் விழாது. கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. குற்றம் கண்டால் நடுவிலேயே இறக்கிவிடலாம்.

அதைப் பொற்காலம் என்று பாட நான் வரவில்லை. நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் உள்ள அந்தணர் சபையின் ஏற்பாடு அது. ஏரியில் மண் சுமந்தவனின் பெயரை எந்த ஓலையிலும் எழுதவில்லை. பெண்ணின் பெயரையும் எழுதவில்லை. ஆனாலும் தங்களுக்குள் ஒருவனை உயர்த்தும்போது எதற்கு அஞ்ச வேண்டும் என்பது அந்த மனிதர்களுக்குத் தெரிந்திருந்தது. அவனுடைய நல்ல குணத்தை நம்பி அவர்கள் ஊரை ஒப்படைக்கவில்லை. அவன் மறுபடி தங்கள் நடுவே வந்து உட்கார வேண்டிய நாளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

"காரியாலயத்தில் குடவோலை வைக்க முடியுமா?" என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சீட்டைக் குலுக்க வேண்டியதில்லை. யாருக்கு எந்த வேலை, யாருக்கு விடுப்பு, யாருக்கு ஏன் ஊதிய உயர்வு இல்லை என்று காரணத்தை எல்லார் முன்னிலையிலும் சொல்லலாமே! புதிதாக மேலே வந்தவரைக் கீழே இருப்பவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை எடைபோடலாமே! திரும்பவும் பழைய நாற்காலிக்கு வருவதை அவமானம் என்று கருதாத வழக்கத்தை உண்டாக்கலாமே! இவற்றில் ஒன்றையும் செய்யாமல், "தூரமாக நில்" என்று மட்டும் கற்றுக்கொடுத்தால் நாம் உண்டாக்குவது நிர்வாகிகளை அல்ல, கங்காணிகளை.

தோழர்களோடு காபி சாப்பிடுங்கள், ஐயா. பதிவேட்டை மட்டும் மேஜைமேல் திறந்து வையுங்கள்.